கடலுக்குப் போகாத கிழமை

பாக் விரிகுடாவின் வடபகுதியில், அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரையுள்ள 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பை, நாட்டின் முதல் கடற்பசு பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பர் 21 அன்று அறிவித்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில், அக்கரையோரத்தில் பணிபுரியும் ஒரு தொண்டு நிறுவனத்தில் திட்ட ஒருங்கிணைப்பாளராகச் சேர்ந்தேன். எனக்குத் தரப்பட்ட வேலை காகிதத்தில் எளிதாகத்தான் தெரிந்தது. வலையில் சிக்கும் கடற்பசுவை உயிருடன் விடுவிக்கும் மீனவருக்கு, அறுத்த வலைக்கான இழப்பீட்டை எங்கள் திட்ட நிதியிலிருந்து கொடுக்க ஒரு நடைமுறையை எழுதி, தஞ்சாவூர், புதுக்கோட்டை ஆகிய இரண்டு மாவட்டங்களின் அலுவலர்களிடம் இசைவும், கரையோர ஊர்களிடம் ஒப்புதலும் பெற வேண்டும். ஆறு மாதத்தில் முடிப்பதாகத் திட்ட அறிக்கையில் எழுதியிருந்தது. பதினேழு மாதம் ஆனது.

முதல் மூன்று மாதங்களை ஒரு கூட்டத்தைக் கூட்ட முடியாமலேயே கழித்தேன். பாக் விரிகுடாவில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாள்களும், நாட்டுப்படகுகள் மற்ற நான்கு நாள்களும் தொழில் செய்ய வேண்டும் என்பது நெடுங்கால ஏற்பாடு. புதன்கிழமை கூட்டம் என்றால் விசைப்படகுக்காரர்கள் வருவதில்லை. வியாழனுக்கு மாற்றினால் நாட்டுப்படகுக்காரர்கள் வருவதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் எல்லோரும் கரையில் இருப்பார்கள் என்று நம்பினேன். தடை விசைப்படகுகளுக்குத்தான் என்பதும், அந்த நாள்களில்தான் நாட்டுப்படகுகளுக்குக் கொஞ்சம் நல்ல மீன்பாடு கிடைக்கிறது என்பதும் எனக்கு உறைக்கவில்லை. முதல் கூட்டத்தில் அலுவலர்கள் ஆறு பேர், நான், எங்கள் ஓட்டுநர், ஆறிப்போன முப்பது தேநீர்.

"தம்பி, ஆபீஸ் கிழமையை வச்சுக் கூப்புடாதீங்க. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு வாங்க, எங்க ஊர்ல பாதிப் பேர் அன்னைக்குக் கடலுக்குப் போக மாட்டாங்க" என்று மல்லிப்பட்டினத்தில் படகு வைத்திருக்கும் ஒரு பாய் சொன்னார். அதன்பிறகு மூன்று மணிக்கு முன் எந்தக் கூட்டமும் வைக்கவில்லை. மாவட்ட அலுவலகத்தில் வைப்பதையும் விட்டுவிட்டு, ஏலக்கூடத்திலேயே பாய் விரித்து உட்கார்ந்தோம். அலுவலர்களை அங்கே வரவழைப்பது தனிப் பாடு. ஆனால் ஒருமுறை வந்தவர்கள் மறுமுறையும் வந்தார்கள்.

அடுத்த முடிச்சு சட்டத்தில் இருந்தது. பாதுகாப்பகம் என்னும் வகையே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. உள்ளூர் மக்களைக் கலந்தாலோசித்த பிறகே அதை அறிவிக்க முடியும், அதற்கென ஒரு மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அந்தக் குழுவில் யார் யார் என்று சட்டப்பிரிவைப் படித்த அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. வனத்துறைப் பிரதிநிதி, ஒவ்வொரு கிராம ஊராட்சியிலிருந்தும் ஒருவர், தொண்டு நிறுவனங்களிலிருந்து மூவர், வேளாண் துறையிலிருந்து ஒருவர், கால்நடைத் துறையிலிருந்து ஒருவர். மீன்வளத் துறையின் பெயர் இல்லை. காட்டோரக் கிராமங்களை மனத்தில் வைத்து எழுதிய பட்டியல் அது. "கடல் பசு தானே சார், கால்நடை டாக்டர் வரட்டும்" என்று ஓர் ஊராட்சித் தலைவர் சொன்னதும் கூட்டமே சிரித்தது.

சிரித்து முடித்த பிறகும் சிக்கல் அப்படியே இருந்தது. சட்டம் அறிந்தது கிராம ஊராட்சியை. கடலில் எந்த வலையை எங்கே விடலாம் என்று கட்டுப்பாடு போடுவதோ மீனவர்களின் ஊர்ப் பஞ்சாயத்தும் ஜமாத்தும் படகுச் சங்கங்களும். ஊராட்சித் தலைவர் கையெழுத்திட்ட தீர்மானத்தைக் கொண்டுபோனால், "அவர் ரோடு, லைட்டுக்குத் தலைவர், கடலுக்கு இல்லை" என்று திருப்பி அனுப்பினார்கள். சட்டக் குழுவைத் தொடாமல், எங்கள் நடைமுறைக்கென்று மட்டும் ஒரு கரைக்குழுவை அமைத்து, மீன்வளத் துறையையும் ஊர்ப் பஞ்சாயத்துகளையும் அதில் சேர்த்தோம். சட்ட வலு எதுவும் இல்லாத அந்தக் குழுவின் பேச்சைத்தான் கரையில் கேட்டார்கள்.

இழப்பீட்டுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று பணம் தருபவர்கள் கேட்பதுண்டு. இப்பகுதியில் ஆவுளியா என்று அழைக்கப்படும் கடற்பசு நுரையீரலால் மூச்சு விடுவது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும். திருக்கை வலை போன்ற பெருங்கண்ணி வலைகளில் சுற்றிக்கொண்டால் மேலே வர இயலாமல் மூழ்கிச் சாகும். ஓராண்டுக்கும் மேலாகச் சுமந்து ஒரே ஒரு குட்டியை ஈனுவது, அடுத்த குட்டிக்குச் சில ஆண்டுகள் எடுத்துக்கொள்வது. ஆகவே பெண் விலங்கு ஒன்று போனாலும் ஈடுசெய்வது கடினம். மறுபக்கம், அதைக் காப்பாற்ற வேண்டுமானால் இருட்டில், ஆடும் படகில், கடன் வாங்கிக் கட்டிய வலையைக் கத்தியால் கிழிக்க வேண்டும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு என்பதால், செத்ததைக் கரைக்குக் கொண்டுவந்து சொன்னால் வழக்கு வருமோ என்ற அச்சமும் உண்டு. சொல்லாமல் கடலிலேயே விட்டுவந்த கதைகளை, கூட்டத்தில் அல்ல, கூட்டம் முடிந்து தேநீர்க் கடையில்தான் கேட்டேன்.

எங்கள் நிறுவனத்துக்கு நிதி தந்த அமைப்போ வலை வாங்கிய ரசீது வேண்டும் என்று நின்றது. வலைக்கு ஏது ரசீது? கண்ணி ஓராண்டு வாங்கியது, கயிறு வேறோர் ஆண்டு வாங்கியது, மிதவை மச்சானிடம் கேட்டு வாங்கியது, ஈயக்குண்டு பழைய வலையிலிருந்து கழற்றியது. இதை நான்கு மின்னஞ்சல்களில் விளக்கியும் பயன் இல்லாததால், கணக்காளரை நேரில் அழைத்து வந்து, வலை கட்டும் ஒரு பெரியவர் முன் அரை நாள் உட்கார வைத்தேன். மாலையில் கணக்காளரே ஒரு தாளில், வலையின் வகை, நீளம், அறுந்த பகுதி ஆகியவற்றை வைத்து மதிப்பிடும் அட்டவணை ஒன்றைப் போட்டார். ரசீதுக்குப் பதில் ஊர்ப் பஞ்சாயத்தின் சான்று என்று முடிவானது. வாதாடிய நான்கு மாதங்களில் இந்த ஒரு பயணத்தை முதலிலேயே செய்திருக்கலாம்.

வரைபடத்திலும் இதே தவறைச் செய்தேன். அட்சரேகையும் தீர்க்கரேகையும் குறித்த பாதுகாப்பக வரைபடத்தைப் பெரிதாக அச்சிட்டு ஊர் ஊராக ஒட்டினேன். யாரும் நின்று பார்க்கவில்லை. அவர்கள் கடலை அறிவது ஆழத்தை, விரித்த இரு கைகளின் நீளமான பாகக் கணக்கிலும், அடித்தளத்தைச் சேறு, மணல், புல் என்ற வகையிலும். ஆவுளியா மேயும் கடற்புல் தரை எங்கே என்று ஆண்களிடம் கேட்டு வரைந்த படத்தைச் சரிசெய்தவர்கள் சேதுபாவாசத்திரம் பக்கத்தில் நண்டு வலை தெரிக்கும், அதாவது வலையில் சிக்கியதைப் பிரித்தெடுக்கும், பெண்கள். வலையில் சிக்கிவரும் புல்லைப் பிய்த்தெறிவது அவர்கள் வேலை. ஊசிபோல் உருண்ட இலையா பட்டை இலையா, வேரோடு வந்ததா அலையில் மிதந்து வந்ததா என்பது அவர்கள் விரலுக்குத் தெரியும். "இந்தாளு வலையில வேரோட வருது தம்பி, அவரு எங்க விடுறாருன்னு அவரக் கேளுங்க" என்று ஓர் அக்கா சொன்னதை வைத்துப் போய்ப் பார்த்தோம். மூங்கில் சட்டத்தில் தென்னங்கயிறு கட்டி, அதில் புல் தண்டுகளைப் பிணைத்துக் கடலடியில் இறக்கும் மீட்புப் பணிக்கு எங்களுக்கு இடம் கிடைத்தது அப்படித்தான். முந்தைய பருவத்தில், பெண்களைக் கேட்காமல் நாங்களே தேர்ந்த இடத்தில் இறக்கிய சட்டங்களை இழுவை மடிகள் வாரிக்கொண்டு போயிருந்தன.

இரண்டு மாவட்டக் கையெழுத்துகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு மாவட்டத்தில் ஒப்புதல் கிடைத்தபோது மற்றதில் அலுவலர் மாறுதலாகிப் போயிருந்தார். புதியவரிடம் முதலிலிருந்து தொடங்கினேன்.

நடைமுறை வந்த மூன்றாம் மாதம், அதிகாலை இரண்டரை மணிக்கு முதல் அழைப்பு வந்தது. அனுப்பிய காணொளியில் கைவிளக்கு வெளிச்சமும் தண்ணீர் அடிக்கும் ஓசையும், இறுதியில் நீண்ட ஒரு மூச்சுச் சத்தமும் மட்டுமே இருந்தன. விலங்கு தெரியவில்லையே என்று கணக்குப் பிரிவிலிருந்து கேட்டார்கள். அந்த மூச்சைக் கேளுங்கள் என்றும், ஊர்ப் பஞ்சாயத்தின் சான்று இணைக்கப்பட்டிருக்கிறது என்றும் எழுதினேன். இருபத்தோராம் நாள் பணம் போய்ச் சேர்ந்தது. அதற்குள் அந்த மீனவர் வட்டிக்கு வாங்கிப் புதுக் கண்ணி கட்டி முடித்திருந்தார். இருபத்தொன்றை ஏழாகக் குறைப்பதற்கான கடிதம் இப்போது மேலிடத்தில் இருக்கிறது.