அமர்வு நெறியாளர் யாருடைய ஆள்? கோலாலம்பூர் மாநாட்டுத் தொண்டூழியர்களுக்குச் சில குறிப்புகள்

கோலாலம்பூரில் கட்டற்ற மென்பொருள் மாநாடு என்றால் பெரும்பாலும் ஒரு பல்கலைக்கழக வளாகம், இரண்டு மூன்று விரிவுரைக் கூடங்கள், ஒரு சனி ஞாயிறு. 2022-இல், குனோம் என்ற கட்டற்ற மேசைக்கணினிச் சூழலுக்கான குனோம் ஏசியா மாநாடு இங்கே நடந்தது. பைத்தான் நிரல்மொழிக்காரர்கள் கூடும் பைக்கான் மலேசியாவும் இந்த ஊருக்குப் பழக்கம்தான். இந்த வகை மாநாடுகளைத் தாங்கிப் பிடிப்பவர்கள் தொண்டூழியர்கள். பதிவு மேசைக்கும் டி-சட்டை கொடுக்கவும் ஆள் எளிதில் கிடைத்துவிடும். நெறியாளர் வேலை என்றால் மட்டும் பலர் பின்வாங்குவார்கள், மேடையில் பேச வேண்டுமே என்று. ஆனால் ஒரு அமர்வில் நெறியாளர் வாய் திறக்கும் நேரம் இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் அதுவே அதிகம்.

ஒன்றை மட்டும் தெளிவாக வைத்துக்கொண்டால் மற்றவை தானாக வரும்: நெறியாளர் பேச்சாளரின் ஆள் அல்ல, கேட்பவர்களின் ஆள். கூடத்தில் இருப்பவர்கள் மட்டுமல்ல. பக்கத்துக் கூடத்திலிருந்து அடுத்த உரைக்கு ஓடி வருபவர், மூன்று மாதம் கழித்து கூலிமில் உட்கார்ந்து பதிவைப் பார்க்கப்போகிற மாணவர், எல்லாரும் அந்தக் கணக்கில் அடக்கம்.

முதலில் பெயர். மலேசியாவில் இது லேசான வேலையல்ல. அட்டவணையில் ‘அகமது பின் அப்துல்லா’ என்று இருந்தால், அவரை ‘மிஸ்டர் அப்துல்லா’ என்று அழைப்பது அவருடைய அப்பாவை மேடைக்குக் கூப்பிடுவதற்குச் சமம். சீனப் பெயரில் குடும்பப் பெயர் முன்னால் நிற்கும். ‘டான் வெய் மிங்’ என்பவர் மிஸ்டர் டான், மிஸ்டர் மிங் அல்ல. நம்மவர் பெயரில் அடையாள அட்டையில் உள்ளபடி ‘ஏ/எல்’ (இன்னாரின் மகன்), ‘ஏ/பி’ (இன்னாரின் மகள்) வந்து நிற்கும். அதை எழுத்துக் கூட்டி வாசிக்க வேண்டாம். அவருடைய சொந்தப் பெயர் போதும். பிரீடாக்ஸ் மாதிரி அட்டவணை மென்பொருளில் விண்ணப்பப் படிவத்திலேயே ‘உங்களை எப்படி அழைக்க வேண்டும்’ என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளலாம். அது இல்லையென்றால் அமர்வுக்கு முன் நேரில் கேட்டு, தமிழ் எழுத்தில் ஒலிப்படி குறித்துக்கொள்ளுங்கள். டத்தோ, டான் ஸ்ரீ போன்ற பட்டம் உள்ளவர் வந்தால் ஏற்பாட்டுக் குழு எழுதிக் கொடுத்ததை அப்படியே வாசியுங்கள். நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

அறிமுகம் மூன்று வாக்கியம்: பெயர், அவர் எந்தத் திட்டத்தில் என்ன செய்கிறார், இன்று எதைப் பற்றி. தன்விவரக் குறிப்பு முழுவதையும் வாசிப்பதற்கு நேரம் ஒதுக்கப்படவில்லை.

பேச்சாளரைக் குறைந்தது 15 நிமிடம் முன்னதாக, அதாவது முந்தைய இடைவேளையிலேயே, மேடைக்கு வரச் சொல்லுங்கள். முதல் தொல்லை மின்செருகி. இங்கே சதுர முனை மூன்று கொண்ட 13 ஆம்பியர் வகை. சென்னையிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வருபவர்களின் உருண்டை முனை இதில் போகாது. மேல் துளையில் பேனாவை விட்டு அழுத்தினால் இரட்டை முனைச் செருகி உள்ளே போய்விடும் என்பது நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த வித்தை. மேடையில் அதைச் செய்யவிடாதீர்கள். மேல் துளையை அழுத்தினால் திறக்கும் அந்தத் தடுப்பு, மின்சாரம் வரும் கீழ்த் துளைகளை மூடிப் பாதுகாப்புக்காக வைத்தது. செருகியும் தளர்ந்து பொறி பறக்கும். பன்னாட்டு அடாப்டர் இரண்டை மேடை மேசையில் நாடாவால் ஒட்டி வைத்தால் அன்றைய நாள் முழுக்கக் கவலையில்லை. ஒட்டாமல் வைத்தால் மதியத்துக்குள் காணாமல் போய்விடும்.

அடுத்தது திரை. மடிக்கணினியில் யூஎஸ்பி-சி துளை இருக்கிறது என்பதற்காக அதில் படம் வெளியே வரும் என்று பொருளில்லை. சில துளைகள் மின்னேற்றத்துக்கும் தரவுக்கும் மட்டுமே. அடாப்டரை மாற்றிப் பார்ப்பதற்கு முன் துளையை மாற்றிப் பாருங்கள். லினக்ஸ் கணினியில் திரை கறுத்துப் போனால் வெளித் திரையின் அளவை 1920×1080, 60 ஹெர்ட்ஸ் என்று கையால் அமைக்கச் சொல்லுங்கள். அதுவும் வராவிட்டால் 1280×720. மேக் கணினியில் ப்ரொஜெக்டரில் படம் தெரிந்து, பதிவில் மட்டும் கறுப்பாக வந்தால் பெரும்பாலும் அது எச்டிசிபி என்ற நகல் தடுப்பின் வேலை. அதைப் பார்ப்பது காணொளிக் குழு. உங்கள் வேலை, உரை தொடங்குவதற்கு முன் அவர்கள் பெருவிரலைத் தூக்கும் வரை காத்திருப்பது.

செயல்விளக்கம் காட்டுபவர் என்றால் இரண்டு திரையிலும் ஒரே படம் தெரியும்படி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பேச்சாளர் குறிப்புக்காகத் திரையை நீட்டி வைத்தவர்கள், நடுவில் டெர்மினலை (கட்டளை தட்டும் சாளரத்தை) பெரிய திரைக்கு இழுத்துவரத் தெரியாமல் தலையைத் திருப்பித் திருப்பித் தேடுவது எல்லா மாநாட்டிலும் நடக்கும் கூத்து. திரைப்பூட்டையும் அறிவிப்புகளையும் அணைக்கச் சொல்லுங்கள். எழுத்தளவைக் கடைசி வரிசைக்கு நீங்களே போய் நின்று சோதியுங்கள். விளக்கை அணைக்க முடியாத கூடத்தில் கறுப்புப் பின்னணி டெர்மினல் வாசிக்கவே முடியாது.

தமிழில் படவில்லை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. மாநாட்டின் பொதுக் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடாக இருந்தாலும் வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்து வரிகளைக் குலைத்துவிடும். எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் ஒன்றை முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒலிதான் எல்லாவற்றையும்விட முக்கியம். படம் மோசமான பதிவை மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். ஒலி மோசமானதை அரை நிமிடத்தில் மூடிவிடுவார்கள். கையில் பிடிக்கும் மைக்கை முகவாய்க்கு ஒரு முஷ்டி தூரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். வலைப்பின்னல் தலையைக் கையால் மூடிப் பிடித்தால் மைக் எல்லாப் பக்கத்து ஒலியையும் வாங்கத் தொடங்கும், உடனே ஊளையிடும். ஒலிபெருக்கிக்கு முன்னால் நடந்தாலும் அதே கதை. சட்டையில் குத்தும் மைக் என்றால் முகவாய்க்கு ஒரு சாண் கீழே. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றச் சொல்ல மறக்காதீர்கள். அது மைக்கில் இடித்துக்கொண்டே இருக்கும், கூடத்தில் கேட்காது, பதிவில் ஒவ்வொரு இடியும் விழும். தூடோங் (தலைமுக்காடு) அணிந்தவர்களுக்குத் துணிக்கு உள்ளே குத்தினால் உரசல் ஒலிதான் மிஞ்சும், வெளிமடிப்பில் குத்த வேண்டும். சேலை, பாஜு கூரோங் (மலாய்ப் பெண்கள் உடை) அணிந்தவர்களுக்கு அலைபரப்பிப் பெட்டியை மாட்ட இடுப்புப் பட்டை இருக்காது. அவர்களுக்குக் கைமைக் தயாராக இருக்கட்டும். மதிய இடைவேளையில் பேட்டரி மாற்றுவது யார் என்று காலையிலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள்.

நேரம். 25 நிமிட அமர்வை 20 நிமிட உரை, 5 நிமிடக் கேள்வி என்று பிரிப்பது வழக்கம். அடுத்தவர் மாறுவதற்கு 5 நிமிடம் தனி. ஏ4 அட்டையில் தடித்த எழுத்தில் 10, 5, 1, ‘நேரம் முடிந்தது’ என்று நான்கு போதும். முன்வரிசையில், பேச்சாளர் இயல்பாகப் பார்க்கும் பக்கத்தில் உட்காருங்கள். அட்டையைக் காட்டிவிட்டு உடனே இறக்கக் கூடாது, அவர் தலையசைக்கும் வரை பிடித்திருக்க வேண்டும். உரை முடியும் நேரத்தில் எழுந்து நில்லுங்கள். ஒரு நிமிடம் கழிந்தால் மேடை ஓரத்துக்கு நடங்கள். இன்னொரு நிமிடம் போனால் மைக்கில் நன்றி சொல்லிவிடுங்கள். இந்த ஏற்பாட்டை முன்கூட்டியே பேச்சாளரிடம் சொல்லிவிட்டால் யாருக்கும் மனவருத்தம் வராது. கடிகாரம் உங்கள் கைப்பேசியுடையது. பேச்சாளரின் மடிக்கணினியைப் பார்க்காதீர்கள். சென்னையிலிருந்து வந்தவருடையது இரண்டரை மணி நேரம் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும்.

ஐந்து நிமிடம் தாமதமாகத் தொடங்கினாலும் முடியும் நேரம் நகராது. கேள்வி நேரத்தில் வெட்டுங்கள். ‘பாவம், நல்லா பேசுறாரே’ என்று விட்டுக்கொடுத்தால் பக்கத்துக் கூடத்தில் அடுத்த உரை ஆளில்லாமல் தொடங்கும்.

கேள்வி நேரத்தில் மைக் இல்லாமல் கேட்ட கேள்வி பதிவில் இருக்காது, ஏனென்றால் பதிவுக்குப் போவது ஒலிக்கலவையிலிருந்து வரும் இணைப்பு. கூடத்தின் காற்று அல்ல. மைக்கைக் கொண்டுபோய்க் கொடுங்கள், முடியாவிட்டால் நீங்களே கேள்வியைத் திருப்பிச் சொல்லுங்கள். நேரலையைப் பார்ப்பவர்கள் பல விநாடி பின்னால் இருப்பார்கள். ‘ஆன்லைனில் கேள்வி இருக்கா’ என்று கேட்டுவிட்டு மூன்று விநாடியில் ‘இல்லை’ என்று முடித்துவிடுவது அநியாயம். முதல் கேள்வியைக் கூடத்திலிருந்து எடுங்கள், அதற்குள் ஆன்லைனிலிருந்து கேள்வி எழுதி வந்துவிடும். யாரும் கைதூக்காத நேரத்துக்கு உங்களிடம் ஒரு கேள்வி இருக்க வேண்டும். உரிம விவரம், முதல் முறை பங்களிப்பவர் எங்கே தொடங்கலாம் என்பது எந்த உரைக்கும் பொருந்தும்.

கேள்வி என்று எழுந்து சொற்பொழிவாற்றுபவர் எல்லாக் கூடத்திலும் ஒருவர் உண்டு. தமிழ் அமர்வில் அவர் பெரும்பாலும் வயதில் மூத்தவராக இருப்பார். ‘ஐயா, நல்ல விஷயம், இடைவேளையில பேசுவோம், கேள்வியை மட்டும் ஒரு வரியில சொல்லுங்க’ என்றால் மரியாதையும் கெடாது, நேரமும் கெடாது. மைக்கை மட்டும் அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள், நீங்களே நீட்டிப் பிடியுங்கள்.

தொலைவிலிருந்து இணைபவர் இருந்தால் கணக்குப் போட வேண்டியது நேர வேறுபாடு. இங்கே காலை 9 மணி, சென்னையில் 6.30. பெர்லின் கோடையில் நமக்கு 6 மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் 7. மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் அது மாறும், அந்த வாரத்தில் மாநாடு வந்தால் அட்டவணையை இரண்டு முறை பாருங்கள். காணொளிக் கூட்ட மென்பொருள் ஜிட்சி, பிக்புளூபட்டன் எதுவானாலும் பேச்சாளருக்குத் தன் குரலே எதிரொலியாகக் கேட்டால் கூடத்து ஒலிக்கலவையில் அவருடைய ஒலி அவருக்கே திரும்பப் போகிறது. அந்த ஒரு வழியை மட்டும் அடைக்கும்படி ஒலிக்காரரிடம் சொல்லுங்கள். அவருடைய உரையின் பதிவு ஒன்று கைவசம் இருந்தால் இணைப்பு அறுந்தாலும் கேள்வி நேரத்தைக் காப்பாற்றலாம்.

பயிலரங்கு நெறியாளருக்கு இன்னொரு தலைவலி, வைஃபை. வளாக வலையமைப்பில், தொலைவிலுள்ள கணினியோடு பாதுகாப்பாக இணையும் எஸ்எஸ்ஹெச்சின் 22-ஆம் துறை (போர்ட்) அடைக்கப்பட்டிருக்கும் வாய்ப்பு அதிகம். நிரல்களை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்துக்கு 443-ஆம் துறை வழியாகப் போக வழியிருக்கிறது, அந்த அமைப்பு வரிகளை முதல் படவில்லையிலேயே போடச் சொல்லுங்கள். பயனர் கணக்கில் நுழையாமல், மென்பொருள் படிமங்கள் கிடைக்கும் டாக்கர் ஹப்பிலிருந்து இறக்குபவர்களுக்கு ஐபி முகவரிக்கு இவ்வளவு என்று அளவு உண்டு. கூடமே ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் இருப்பதால் பின்வரிசைக்காரர்களுக்குப் பிழைதான் வரும். படிமங்களைப் பென்டிரைவில் நகலெடுத்து வைத்துச் சுற்றுக்கு விடுவதே நிம்மதி.

வெள்ளிக்கிழமை அமர்வு இருந்தால் மதியத் தொழுகைக்காக 12.30 முதல் 2.30 வரை எதுவும் வைக்காதீர்கள். மாலை 7 மணியை ஒட்டி மக்ரிப் (சூரியன் மறைந்த பின் தொழுகை) வந்துவிடும், கலந்துரையாடலை அதற்கு முன் முடித்தால் பாதிப் பேர் எழுந்து போகும் சங்கடம் இருக்காது. மூன்று மணிக்கு மேல் மழை பிடித்தால் கிராப் வாடகைக் கார் கிடைப்பதும் கடினம், விலையும் ஏறும். மாலைப் பேச்சாளர்களை மதிய உணவுக்கே வளாகத்துக்கு வரச் சொல்லிவிடுங்கள்.

நடத்தை விதியை மீறியதாக யாராவது வந்து சொன்னால் அங்கேயே விசாரணை நடத்த வேண்டாம். என்ன, எப்போது, எங்கே என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, பொறுப்புக் குழுவின் எண்ணுக்கு அனுப்புங்கள். மேடையிலேயே ஆபாசப் படமோ இனத்தைக் கேலி செய்வதோ வந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம்; உரையை நிறுத்த உங்களுக்கு அதிகாரம் உண்டா என்பதைக் காலைக் கூட்டத்திலேயே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். படம் எடுக்க வேண்டாம் என்பவர்களுக்கு வேறு நிறக் கழுத்துப்பட்டை கொடுக்கும் மாநாடுகளில், கூட்டப் படத்துக்கு அழைப்பதற்கு முன் அதை அறிவிக்க வேண்டியதும் நீங்கள்தான்.

ஒவ்வொரு அமர்வு முடிந்ததும் ஒரு தாளில் உண்மையில் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், கேள்வி தொடங்கிய நேரம், நடுவில் மைக் செத்த இடம் ஆகியவற்றை எழுதிக் காணொளிக் குழுவிடம் கொடுங்கள். பதிவை வெட்டும் மென்பொருள் அட்டவணை நேரத்தைத்தான் நம்பும். உங்கள் தாள் இருந்தால் வெட்டுபவர் முழுப் பதிவையும் ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை.