வியாழன் மூன்று மணி

வியாழக்கிழமை மூன்று மணியானால் நாங்கள் ஐந்து பேரும் அலுவலகத்தின் கடைசி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வோம். ஐவரும் வேறு வேறு பிரிவு. யாரும் யாருக்கும் மேலதிகாரி இல்லை. வாரத்துக்கு ஒருவர் முறை. முறைக்காரர் வேலையில் தான் சிக்கி நிற்கிற ஒரு விஷயத்தைப் பத்து நிமிடம் சொல்வார். அடுத்த அரை மணி நேரம் மற்ற நால்வரும் கேள்வி மட்டும்தான் கேட்கலாம், யோசனை சொல்லக் கூடாது.

கஷ்டமே அந்த விதிதான். "நானா இருந்தா..." என்று நாக்கு நுனி வரை வந்துவிடும். அதை விழுங்கிப் பழகவே எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. "ஏன் அவர்கிட்டயே பேசிடக் கூடாது?" என்பதும் கேள்வி வேஷம் போட்ட அறிவுரைதான்.

என் முதல் முறை நன்றாக நினைவிருக்கிறது. மென்பொருளுக்குப் பயனர் கையேடு எழுதுவது என் வேலை. புதிதாகச் சேர்ந்த பெண் எழுதித் தருவதில் முக்கால்வாசியை நானே மாற்றி எழுதி முடிக்க ராத்திரி எட்டாகிவிடும். அவளை எந்தப் பயிற்சி வகுப்புக்கு அனுப்பலாம் என்பதுதான் நான் கொண்டுபோன பிரச்சினை. கணக்குப் பிரிவு அக்கா கேட்டார்: "நீ திருத்துறப்போ அவ எங்க இருப்பா?"

வீட்டுக்குப் போயிருப்பாள். பதில் சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். நான் எதை மாற்றுகிறேன், ஏன் மாற்றுகிறேன் என்று அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை.

மறுநாள் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரே ஒரு பக்கத்தைத் திருத்தினேன். 'சேமி பொத்தானை அழுத்தவும்' என்று எழுதியிருந்தாள். அப்போது பயனர் எந்தத் திரையில் இருக்கிறார் என்ற வரி இல்லை. அதை மேலே சேர்த்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், "அப்போ கீழ மூணு இடத்துலயும் இதே தப்புதான்" என்று விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

இப்படிக் கூடிக் கற்கும் முறைக்கு வித்திட்டவர் ரெஜ் ரெவன்ஸ் என்று பிறகுதான் படித்தேன். இயற்பியல் படித்தவர். 1940களில் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கத் துறையில் பயிற்சிப் பொறுப்பில் இருந்தபோது, சுரங்க மேலாளர்களையே சிறு குழுக்களாக உட்காரவைத்து அவரவர் சிக்கலைப் பேசவிட்டார். ஏற்கெனவே வகுத்துவைத்த அறிவோடு கேள்வியும் சேர்ந்தால்தான் கற்றல் என்பது அவர் கணக்கு. வகுப்பு வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. புது மென்பொருளை வகுப்பில்தான் கற்றேன். ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு நான் செய்துகொண்டிருந்த தவறு எந்தப் பாடத்திட்டத்திலும் இருக்காது.

நன்றாக நடக்கிறதே என்று நடுவில் பன்னிரண்டு பேராக்கினோம். மூன்றே வாரம்தான் தாங்கியது. ஐந்து பேருக்குள் ஒருவரோடொருவர் பழக வேண்டிய ஜோடி 10. பன்னிரண்டு பேருக்குள் 66. அத்தனை பேரிடம் "எனக்கு இது தெரியவில்லை" என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. எல்லோரும் முடித்த வேலையையே காட்டினார்கள். இரண்டாகப் பிரிந்த பிறகுதான் மூச்சு வந்தது. மேலாளரும் வந்து உட்காரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் சார் என்றோம், பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார்.

நாளை மறுபடி என் முறை. அந்தப் பெண் இப்போது என்னைவிட வேகமாக எழுதுகிறாள், இன்னும் அவள் பக்கங்களை நான் இரண்டு முறை படிக்கிறேன். அதைத்தான் கொண்டுபோகிறேன்.