விளக்குக்கு எண்ணெய் யார் தருவது? கண்டி அரசை வைத்து எழுதிவரும் கற்பனை வரலாறு

தை மாதம் தொடங்கிய கொப்பியில் இப்போது 140 பக்கம் நிரம்பிவிட்டது. எடுத்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான். 1815இல் கண்டி அரசு ஆங்கிலேயரிடம் விழாமல் இருந்திருந்தால், அந்த அரசும் மதமும் தனித்தனியே பிரியும் காலம் வந்திருக்குமா, வந்திருந்தால் எந்த வழியாக வந்திருக்கும்? மாத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருக்கிறேன். மாலைத் தேத்தண்ணீருக்குப் பிறகு கிடைக்கும் ஒன்றரை மணி நேரம் முழுவதும் இந்தக் கொப்பிக்குத்தான்.

முதல் முயற்சிக்கு 1760ஐ எடுத்தேன். அப்போது ஆண்ட கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் நாயக்கர் வழியில் வந்தவன். 1753இல் சியாமிலிருந்து உபாலி தேரரை வரவழைத்து, அற்றுப்போயிருந்த உபசம்பதாவை, அதாவது பிக்குகளுக்கான முழுத் துறவுச் சடங்கை, மீட்டெடுத்தவன் அவன். வெலிவிட்ட சரணங்கர தேரரைப் பிக்குகளுக்கெல்லாம் தலைவரான சங்கராஜர் ஆக்கியவனும் அவனே. இவ்வளவு செய்தும், அரசன் நெற்றியில் திருநீறு பூசுகிறான் என்ற மனக்குறை பிரதானிகளிடம் ஆறவில்லை. ஏழே ஆண்டில் அவனைக் கொன்று சியாமிய இளவரசன் ஒருவனை அரியணை ஏற்றச் சதி நடந்தது. அதில் அந்தச் சங்கராஜரே சேர்ந்திருந்தார். என் கொப்பியில் சதி அம்பலமான மறுநாள் அரசன் கட்டளையிடுகிறான்: "இனி விகாரை உங்கள் பொறுப்பு, நாடு என் பொறுப்பு." மூன்று பக்கம் தடையில்லாமல் ஓடியது. நான்காவதில் பேனை நின்றுவிட்டது.

காரணம் புனித தந்தம், அதாவது கண்டியில் வைத்துப் போற்றப்படும் புத்தரின் பல். அது யார் கையில் இருக்கிறதோ அவனுக்கே நாடு என்பது கண்டியில் ஊறிப்போன நம்பிக்கை. 1818 கிளர்ச்சியின்போது மறைத்துக் கொண்டுபோகப்பட்ட தந்தம் மறுபடி ஆங்கிலேயர் கையில் சிக்கியதும், எதிர்த்து நின்றவர்களின் மனம் உடைந்தது. அப்படிப்பட்ட ஊரில், வெளியிலிருந்து வந்த மரபைச் சேர்ந்த அரசன் தந்தத்தை விட்டுக்கொடுத்துவிட்டு எத்தனை நாள் அரியணையில் இருப்பான்? கீர்த்தி ஸ்ரீ உண்மையில் செய்தது நேர்மாறு. சதிக்குப் பிறகு மதத்தோடு இன்னும் நெருங்கினான். 1775இல் நான்கு தேவாலேக்களின், அதாவது தெய்வக் கோயில்களின், பெரஹரா ஊர்வலத்துக்கு முன்னே தந்தத்தை எழுந்தருளச் செய்தான். அவனுடைய நிலையில் வேறெவனும் அதைத்தான் செய்திருப்பான். எழுதிய பக்கங்களை அடித்துவிட்டேன்.

பிறகு, அரசனும் இருந்து பிரிவும் நடந்த நாடுகளைத் தேடிப் படித்தேன். சுவீடனில் 2000 ஜனவரி 1 அன்று திருச்சபை அரசிலிருந்து பிரிந்தது. ஆனால் மன்னர் அந்தச் சமயத்தைச் சேர்ந்தவராகவே இருக்க வேண்டும் என்ற விதி அப்படியே இருக்கிறது. நோர்வே இதற்காக 2012இல் அரசியலமைப்பைத் திருத்தியது. இவற்றில் என்னை உலுக்கியது ஒரு சிறிய செய்தி. பிரிந்த பிறகும் சுவீடனில் திருச்சபை உறுப்பினர்களின் கட்டணத்தை வரித் திணைக்களமே வசூலித்துக் கொடுக்கிறது.

இதைப் படித்த இரவு அப்பாவின் கணக்குக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். அவர் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் கமிட்டியில் பொருளாளராக இருந்தவர். அன்றெல்லாம் திருவிழாச் சந்தாவைத் தோட்ட ஆபீசே சம்பளத்தில் பிடித்துக் கொடுத்துவிடும். ஒரு வருடம், பிடித்தம் இனிக் கிடையாது என்று திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பு சொல்லிவிட்டார்கள். கோயிலில் ஆபீஸ் தலையிடாது, நீங்களே நடத்திக்கொள்ளுங்கள் என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அப்பா தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில் லயம் லயமாக ஏறி இறங்கினார். அந்த வருடப் பக்கத்தில் வரவுகள் ஐம்பது, இருபது என்று பொடிப்பொடியாக நிற்கின்றன. செலவுப் பக்கத்தின் முதல் வரி "விளக்கெரிக்க எண்ணெய்". பூசாரியின் தட்சணையும் மேளக்காரரின் கூலியும் அதற்குக் கீழேதான். எண்ணெய்க்கு நேரே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்குறியிலிருந்துதான் அடுத்த முயற்சி பிறந்தது.

நடந்த வரலாற்றையும் இந்தக் கண்ணோடு திரும்பப் படித்தேன். கண்டியை ஆங்கிலேயருக்குக் கொடுத்த 1815 மார்ச் 2 ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு பௌத்தத்தைக் காப்பதாக வாக்குக் கொடுத்தது. வாக்குக் கொடுத்த மன்னர் மூன்றாம் ஜோர்ஜோ இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தலைவர்! விகாரைத் தலைமைப் பதவிகளுக்குக் கூட ஆளுநர்தான் நியமனம் கொடுத்தார். கிறிஸ்தவ அரசு இதைச் செய்யலாமா என்று மிஷனரிமார் நெருக்க, 1840களில் அரசு கைகழுவத் தொடங்கியது. விகாரை நிலங்களை யார் கவனிப்பது, நிலத்துக்கு ஈடாகச் செய்ய வேண்டிய ஊழியத்தைக் குடிகள் செய்யாவிட்டால் யார் கேட்பது என்பதற்கு ஒரு ஏற்பாடும் இல்லை. கோயில் நிலப் பதிவுச் சட்டம் 1856இல் வந்தது. ஊழியத்துக்குப் பதில் பணமாகச் செலுத்த வழி 1870இல்தான் பிறந்தது. விகாரைச் சொத்துக்களை நிர்வகிக்கும் சட்டம் 1889இல். கைகழுவியது முதலில், கணக்குப் பார்த்தது கடைசியில். எங்கள் தோட்ட ஆபீசும் இதையேதான் செய்தது. பிரிவு சரியானதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பிரித்த முறைதான் அநீதி.

ஆகவே என் அரசனுக்கு வரிசையை மாற்றிக் கொடுத்தேன். கட்டளை கடைசியில், கணக்கு முதலில். அட்டையில் கண்டி நாட்டுப் படம் வரைந்து, விகாரைக்குரிய விகாரகம் கிராமங்களுக்கு மஞ்சள், தேவாலேக்குரிய தேவாலகம் கிராமங்களுக்குச் சிவப்பு, அரச களஞ்சியத்துக்குரிய கபடாகம் கிராமங்களுக்குப் பச்சை அடித்தேன். அடித்து முடித்தபோது ஒன்று தெளிவானது. கோயில்களுக்கு நிலம் ஏற்கனவே தனியாக இருக்கிறது. அரசன் புதிதாக எதையும் கொடுக்க வேண்டியதில்லை. தன் அதிகாரத்தை எடுத்துக்கொண்டு விலகினால் போதும். என் கதையில் அதற்கு ஐம்பது வருடம் ஆகிறது. முதலில் ஊழியம் பணமாகிறது, அடுத்து பிக்குகளும் கிராமத்தாரும் சேர்ந்த சபை கணக்கை ஏற்கிறது, பிறகுதான் தந்தக் கோயிலின் நிர்வாகத் தலைவரான தியவதன நிலமேயை அரசன் நியமிக்கும் வழக்கம் போய் அந்தச் சபை தெரிவு செய்கிறது.

அரசன் ஏன் விலக வேண்டும் என்ற கேள்வி என்னை வெகுநாள் வருத்தியது. வருத்தம் கதைக்கு வெளியே இருந்தும் வந்தது. ஆங்கிலேயர் வராவிட்டால் அவர்களுடைய காப்பித் தோட்டம் இல்லை. அது இல்லாவிட்டால் என் முப்பாட்டன் கடல் தாண்டி வந்திருக்கமாட்டார். நான் இல்லாத ஒரு மலையகத்தை நானே எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு வாரம் கொப்பியைத் தொட மனம் வரவில்லை.

பிறகு வழி கிடைத்தது. காப்பியைக் கண்டி அரசனே பச்சைக் கிராமங்களை ஒட்டி நடட்டும். அதற்கும் ஆள் வேண்டும், அந்த ஆட்களாக நாங்கள் வருகிறோம், மாரியம்மனோடு. கண்டிக்கு இது புதிதல்ல. ஒல்லாந்தருக்குத் தப்பிவந்த கத்தோலிக்கக் குருவான யோசேப் வாஸ் கண்டியில்தான் பணிசெய்து 1711இல் இறந்தார். போர்த்துக்கீசர் துரத்திய முஸ்லிம்களுக்கும் கண்டி அரசர்கள் இடம் கொடுத்தார்கள். இத்தனை பேரின் வரியும் ஒரே களஞ்சியத்தில் விழும்போது, யாருடைய விளக்குக்கு அதிலிருந்து எண்ணெய் போகிறது என்று ஒருநாள் அரசவையில் யாரோ கேட்டே தீருவார்கள். என் கொப்பியில் அதைக் கேட்பவர் தோட்ட ஆட்களை மேய்க்கும் ஒரு கங்காணி. அந்தப் பக்கத்தை எழுதும்போது கை நடுங்கியது.

தந்தத்தின் சிக்கலும் இதனால் கொஞ்சம் இளகியது. இன்று தந்தப் பேழையின் பொறுப்பு மல்வத்தை, அஸ்கிரிய என்ற இரு பிக்கு பீடங்களின் தலைவர்களான மகாநாயக்கர்களுக்கும் தியவதன நிலமேக்கும் உரியது. என் அரசனும் தன்னிடம் இருக்கும் சாவியை அந்த மூவரிடம் ஒப்படைக்கிறான். நாட்டைத் தந்தம் காக்கட்டும், தந்தத்தை நான் ஆளமாட்டேன் என்பது அவன் சொல்.

கடந்த ஞாயிறு கண்டிக்குப் பஸ் ஏறினேன். பழைய அரண்மனைக்கும் தந்தம் இருக்கும் தலதா மாளிகைக்கும் இடையே எத்தனை அடி என்று நடந்து பார்த்தேன். இரண்டும் ஒரே வளவுக்குள் ஒட்டி நிற்கின்றன. அங்கே ஒரு மதில் எழுப்பலாமா என்று முதலில் எண்ணினேன், மனம் ஒப்பவில்லை. மதிலுக்குப் பதில் ஒரு கதவு வைத்திருக்கிறேன். தாழ்ப்பாள் மாளிகைப் பக்கம். அரசன் கும்பிட வரும்போது தட்டிவிட்டு நிற்கிறான். அடுத்து எழுத வேண்டியது சிவப்புக் கிராமங்கள். பத்தினி தேவாலேயின் கணக்கிலிருந்து தொடங்குகிறேன்.