பத்து மில்லிமீட்டர் பஞ்சாயத்து

மர வேலையில் கை தேர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைச் செய்து முடித்தாலும் உடனே உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார்கள். எங்கேயாவது இடறினால் அன்றைக்குத் தூக்கம் போச்சு. என் மச்சான் அந்த ரகம். இரண்டு பலகை சேரும் இடத்தில் நகம்கூட நுழையக் கூடாது அவருக்கு. அப்படிப்பட்ட மனுஷனிடம் போய், "மாமா, இந்த பைப் மட்டும் ஒரு சென்டிமீட்டர் துருத்திக்கிட்டு நிக்கணும்" என்று என் மகள் சொன்னால் என்ன ஆகும்?

அதுதான் ஆனது.

மகளுக்கு ஸ்கேட்போர்டு பைத்தியம். வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த இடத்தில் ஒரு சின்ன ராம்ப், அதாவது போர்டில் ஏறி இறங்க வளைவான மரச் சரிவு, கட்டித் தருவதாக மச்சான் வாக்குக் கொடுத்துவிட்டார். 3 அடி உயரம், 8 அடி அகலம். கயிற்றின் ஒரு முனையை ஆணியில் கட்டி, மறு முனையில் பென்சிலைக் கட்டி, 6 அடி ஆரத்தில் பக்கப் பலகையில் வளைவு வரைந்து அறுத்தார். 8 இஞ்சுக்கு ஒரு குறுக்குக் கட்டை. அதன் மேல் 9 மில்லி ப்ளைவுட் இரண்டு அடுக்கு, வளைத்து வளைத்து ஸ்க்ரூ போட்டது. இதிலெல்லாம் ஒரு சண்டையும் இல்லை, அதனால் எழுதவும் ஒன்றுமில்லை.

வளைவு ஏறி முடிகிற உச்சியில், மேல்தளம் ஆரம்பிக்கும் விளிம்பில், நீளவாக்கில் ஓர் இரும்பு பைப் பதிக்க வேண்டும். அதற்குத்தான் கோப்பிங் என்று பெயர். ராம்ப் வேலையில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். "அரை மணி நேர வேலை மாப்ள" என்றார் மச்சான்.

முதல் தகராறு பைப் வந்து இறங்கியதுமே. மகள் எழுதிக் கொடுத்தது 2 இஞ்ச் பைப், ஷெட்யூல் 40 (சுவர் தடிமனைக் குறிக்கிற எண்), கால்வனைஸ் செய்யாத கறுப்பு இரும்பு. மச்சான் பழக்கதோஷத்தில் வெர்னியர் என்கிற அளவுக் கருவியை எடுத்து வாயை அளந்தார். முகம் மாறியது.

"ஏமாத்திட்டாங்க மாப்ள. 60 மில்லி இருக்கு. ரெண்டு இஞ்ச்னா 50.8 தானே?"

"அதிகமாத்தானே குடுத்திருக்காங்க?"

"அதிகமாக் குடுத்து ஏமாத்துறாங்க."

இப்படி ஒரு மோசடியை நான் கேள்விப்பட்டதே இல்லை. உள்பக்கம் அளந்தார். 52 மில்லியும் சொச்சமும். ஆக வெளியே அளந்தாலும் 2 இஞ்ச் இல்லை, உள்ளே அளந்தாலும் 2 இஞ்ச் இல்லை. மகள் வந்து சமாதானம் சொன்னாள். பைப்புக்குச் சொல்கிற அளவு வெறும் பெயர்தானாம். 2 இஞ்ச் பைப் என்றால் வெளி விட்டம் எப்போதும் 60.3 மில்லி. சுவர் தடிமனாக ஆக, உள் விட்டம்தான் சுருங்கும். மச்சான் ஒருவழியாக ஒத்துக்கொண்டார். ஆனால் அன்று முழுக்க அந்த பைப்பைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அதை ஒரு மாதிரிதான் பார்த்தார்.

எட்டடிக்கு அறுத்த துண்டு 13 கிலோ. அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எதுக்கு இம்புட்டு கனம்? தண்ணிக் குழாய்க்குப் போடுற பிவிசி போட்டா என்ன?" என்றார். போர்டின் அடியில் சக்கரங்களைத் தாங்குகிற அலுமினிய அச்சு இருக்கிறதே, ட்ரக் என்பார்கள், அது முழு ஆள் கனத்தோடு வந்து இந்த பைப்பின் மேல் உட்கார்ந்து உரசிக்கொண்டே போகும். பிளாஸ்டிக் என்றால் கீறல் விழும், கீறலில் ட்ரக் மாட்டும், ஒரு நாள் பிளந்தும் போகும். இரும்பு உரச உரசப் பளபளக்கும். மகள் இதைச் சொன்ன விதத்தில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்தது உண்மையான பஞ்சாயத்து. பைப் எவ்வளவு வெளியே நிற்க வேண்டும்?

மச்சானின் கட்சி: பைப் தளத்தோடு தளமாக, வளைவோடு வளைவாக, இருக்கிறதே தெரியாமல் இருக்க வேண்டும். அதுதான் வேலைத்தனம். மகளின் கட்சி: மேல்தளத்துக்கு மேலே 10 மில்லி, வளைவின் முகத்தைத் தாண்டி 8 மில்லி. இரண்டு பக்கமும் துருத்த வேண்டும்.

சத்தம் கேட்டு என் மனைவி வந்தாள். இரண்டு தரப்பையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "ஆக, பிள்ளை தடுக்கி விழறதுக்கு நீங்களே ஒரு தடுக்கு வைக்கிறீங்க. எவ்வளவு தடுக்கணும்னு ஸ்கேல் வேற வெச்சு அளக்குறீங்க" என்றாள். நான் ஸ்கேலைக் கீழே வைத்தேன்.

மகள் போர்டையும் பைப்பில் மிச்சமான ஒரு சாண் துண்டையும் எடுத்து வந்து பாடம் நடத்தினாள். பைப் துருத்தவே இல்லை என்றால், ஏறி வருகிறவருக்கு விளிம்பு எங்கே என்று காலுக்குத் தெரியாது. சக்கரம் பாட்டுக்கு உருண்டு தளத்துக்குப் போய்விடும், ட்ரக்கைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இருக்காது. ரொம்பத் துருத்தினாலோ அதைவிட ஆபத்து. உச்சிக்குப் போய்விட்டுத் திரும்பி இறங்கும்போது முன்சக்கரம் பைப்பில் மாட்டும். போர்டு அங்கேயே நிற்கும், ஆள் மட்டும் தலைகுப்புறக் கீழே. இதற்கு ஹேங் அப் என்று பெயர். அவள் சக்கரம் 54 மில்லி, அதாவது ஆரம் 27. எதிரே 10 மில்லி மேடு என்றால் ஏறித் தாண்டிவிடும். 20 மில்லி என்றால் அச்சு உயரத்தில் முக்கால்வாசிக்கு ஒரு சுவர். 6 அடி ஆரத்தில் 3 அடி ஏறினால், உச்சியில் பலகை 60 டிகிரி சாய்ந்து நிற்கும். அங்கிருந்து விழுவது படியில் சறுக்குவது போல இருக்காது.

மச்சான் அசரவில்லை. "இப்படித் துருத்தணும்னு முதல்ல எவன் சொன்னான்?"

"நீச்சல் குளம் சொல்லிச்சு மாமா."

கலிஃபோர்னியாவில் 1976-77இல் கடுமையான வறட்சி. வீடுகளில் நீச்சல் குளங்கள் காலியாகக் கிடந்தன. யூரித்தேன் சக்கரம் அதற்குச் சில வருஷம் முன்புதான் வந்திருந்தது. பழைய களிமண் சக்கரம் போலச் சறுக்காமல் சிமெண்டைப் பற்றிக்கொள்ளும். பையன்கள் சக்கரத்தோடு குளத்துக்குள் இறங்கிவிட்டார்கள். குளத்தின் விளிம்பைச் சுற்றி வைத்திருந்த கல், சுவரைத் தாண்டிக் கொஞ்சம் உள்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ட்ரக்கை மோதி உரசுவதே ஒரு வித்தையாகிவிட்டது. பிறகு மரத்தில் ராம்ப் கட்டியவர்கள் அந்தக் கல்லுக்குப் பதிலாக வைத்ததுதான் இந்த பைப்.

"தண்ணிப் பஞ்சத்துல கண்டுபிடிச்ச விளையாட்டா?" என்றாள் மனைவி.

"விளையாட்டு அதுக்கு முன்னாடியே இருக்கும்மா. குளத்துக்குள்ள ஓட்டுறதுதான் அப்ப பெருசாச்சு."

"வீட்டுக்காரங்க எங்க போனாங்க?"

இதற்கு மகளிடம் பதில் இல்லை. பல குளங்களில் வேலி தாண்டித்தான் போயிருக்கிறார்கள் என்பதை அவள் சொல்லாமல் விட்டது புத்திசாலித்தனம்.

மச்சான் 10 மில்லிக்கு இறங்கி வந்தார். பைப் உட்காரும் பள்ளத்துக்குக் கணக்குப் போட்டார். பைப் 60, துருத்தல் 10, ஆக பள்ளம் 50 என்று சட்டத்தில் கோடு கிழித்து, ரம்பத்தையும் கையில் எடுத்துவிட்டார். "மாமா, தளத்துக்கு மேல 18 மில்லி ப்ளைவுட் வரப்போகுதே, அதைக் கழிச்சீங்களா?" என்று மகள் கேட்டாள். ரம்பம் நின்றது. கழிக்காமல் அறுத்திருந்தால், ப்ளைவுட் போட்டதும் பைப் தளத்துக்கு 8 மில்லி கீழே புதைந்திருக்கும். அதாவது மச்சான் ஆரம்பத்தில் ஆசைப்பட்டதைவிடவே மறைவாக. இது மறதியா, சதியா என்று மகளுக்கு இன்றுவரை சந்தேகம் தீரவில்லை. 32 என்று திருத்தி, அந்த ஒரு சாண் துண்டையும் இரண்டு பலகைத் துண்டையும் வைத்து ஒத்திகை பார்த்த பிறகுதான் ரம்பத்தைத் திருப்பிக் கொடுத்தாள். யாராவது இந்த வேலையில் இறங்கினால் இதை மட்டுமாவது செய்யுங்கள். பைப் துண்டு சும்மாதான் கிடக்கும்.

பைப்பில் ஓட்டை போடுவது தனிக் கதை. இரண்டடிக்கு ஒரு ஸ்க்ரூ, மொத்தம் ஐந்து. ஐந்தும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். உருண்டையான பொருளில் நேர்கோடு எப்படிப் போடுவது? மச்சான் கண்பார்வையிலேயே பென்சிலால் இழுத்தார். அந்தக் கோடு இந்த முனையில் மேலே கிளம்பி, அவரைக்கொடி கொம்பைச் சுற்றுகிற மாதிரி சுற்றிக்கொண்டு அந்த முனையில் பக்கவாட்டில் போய்ச் சேர்ந்தது. இதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. எல் வடிவ ஆங்கிள் இரும்பைக் கவிழ்த்து பைப்பின் முதுகில் வைத்தால் அது தானாகவே பைப்புக்கு இணையாக உட்காரும். அதன் ஓரத்தை ஒட்டிக் கோடு போட்டால் முடிந்தது. இதை மச்சானே யோசித்துக் கண்டுபிடித்தார் என்பதையும் பதிவு செய்கிறேன். இல்லாவிட்டால் இதைப் படித்துவிட்டு எனக்கு போன் வரும்.

டிரில் பிட்டுக்கு உருண்டை பைப் என்றால் ஆகாது. வைத்த இடத்தில் நிற்காமல் பக்கத்தில் நழுவி ஓடும். சென்டர் பஞ்ச்சால் ஒரு குழி தட்டி, முதலில் சின்ன பிட், பிறகு பெரிய பிட். வேகத்தைக் குறைத்து, சொட்டு சொட்டாக எண்ணெய் விட்டு, பொறுமையாக அழுத்த வேண்டும். பைப் உருளாமல் இருக்க நான் அதன் மேல் உட்கார்ந்திருந்தேன். இந்த வேலை முழுவதிலும் என்னை நம்பிக் கொடுத்த ஒரே பொறுப்பு அதுதான். சுருள் சுருளாக வரும் இரும்புச் சீவல் எவ்வளவு சூடு என்பதை அங்கே உட்கார்ந்தவன் என்ற முறையில் என்னால் சொல்ல முடியும்.

ஓட்டையும் சாதாரண ஓட்டை இல்லை. பைப்பின் முன்சுவரில் 13 மில்லி, அதற்கு நேர் எதிரே பின்சுவரில் 6 மில்லி. ஸ்க்ரூ பெரிய ஓட்டை வழியாக உள்ளே போய், அதன் தலை பின்சுவரின் உள்பக்கத்தில் உட்கார்ந்து, பைப்பை மரத்தோடு இறுக்கும். வெளியே ஒரு தலையும் தெரியாது, ட்ரக் மாட்ட எதுவும் இருக்காது. பெரிய ஓட்டை உச்சியில் வராமல், ராம்பைப் பார்த்த முகத்தில் இருக்க வேண்டும். உரசல் எல்லாம் உச்சியில்தான்.

கேட்கும்போது எவ்வளவு அழகாக இருக்கிறது! செய்யும்போது? காந்த முனையில் ஸ்க்ரூவை ஒட்டி, பெரிய ஓட்டை வழியாக மெதுவாக நுழைத்தால், சுற்றிலும் இரும்புச் சுவர். காந்தம் ஸ்க்ரூவை விட்டுவிட்டு பைப்பைக் கட்டிக்கொண்டது. ஸ்க்ரூ உள்ளே விழுந்து கடகடவென்று நடுப்பகுதிக்கு ஓடியது. அதற்குள் இரண்டு ஸ்க்ரூ இறுக்கியாயிற்று, பைப்பைக் கவிழ்க்க வழியில்லை. மச்சான் ஒரு நீளக் குச்சியின் நுனியில் இன்னொரு காந்தத்தைக் கட்டி, பைப்பின் வாய் வழியாக விட்டார். அதுவும் உள்சுவரில் ஒட்டிக்கொண்டது. இப்போது உள்ளே ஒரு ஸ்க்ரூ, ஒரு காந்தம், ஒரு குச்சி. மூன்று பேரும் வாயருகே குனிந்து ஆளுக்கொரு கண்ணால் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மனைவி ஒட்டடைக் கம்போடு வந்தாள். நுனியில் பழைய துணியைச் சுற்றினாள். இந்த வாயில் விட்டு ஒரே தள்ளு. அந்த வாயில் எல்லாம் வரிசையாக வந்து விழுந்தன. ஒன்றும் சொல்லாமல் கம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஏதாவது சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. மீதி ஸ்க்ரூக்களை காந்தமில்லாத பிட்டில், நுனியில் கொஞ்சம் கிரீஸ் தடவி ஒட்டவைத்து இறக்கினோம். ஒன்றும் விழவில்லை.

ஐந்தும் இறுகியது. மச்சான் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். கை பைப்பில் ஏறி இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாக வந்து நின்றார். துருப் பிடித்துவிடுமாம். மகள் குறுக்கே படுத்துவிடாத குறை. பெயிண்ட் அடித்தால் ட்ரக் வழுக்காமல் பிடிக்கும், அப்புறம் முதல் நாளே உரிந்தும் போகும். கடையிலிருந்து வந்த கறுப்புப் பூச்சே கொஞ்சம் பிடிக்கத்தான் செய்யும். அதற்கு மருந்து மெழுகுவர்த்தி. நீளவாக்கில் நன்றாகத் தேய்த்துவிட்டால் போதும், மற்றதை ட்ரக் பார்த்துக்கொள்ளும். பெயிண்ட் டப்பா மூடப்பட்டது. மின்சாரம் போனால் தேடுகிற மெழுகுவர்த்தி அத்தனையும் அன்று கோப்பிங்கில் கரைந்தது.

ஹெல்மெட், முழங்கால் கவசம், மணிக்கட்டுக் கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு மகள் கிளம்பினாள். எதிர்ப்பக்கத்திலிருந்து வேகம் பிடித்து, வளைவில் ஏறி, உச்சியில் உடம்பைத் திருப்பி, இரண்டு ட்ரக்கையும் பைப்பின் மேல் உட்கார வைத்து ஒரு கணம் நின்றாள். இந்த வித்தைக்கு ஆக்ஸில் ஸ்டால் என்று பெயர். பிறகு அப்படியே திரும்பி இறங்கிப் போனாள். எதுவும் மாட்டவில்லை. மச்சான் பைப்பையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "10 மில்லி கரெக்ட்தான்" என்றார், ஏதோ அவரே சிபாரிசு செய்த அளவு போல.

ஒரே ஒரு விஷயம்தான் யாரும் எதிர்பார்க்காதது. சத்தம். உள்ளே வெறுமையான எட்டடி இரும்பு பைப்பில் ட்ரக் மோதினால் 'டங்ங்' என்று தெருவுக்கே கேட்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் சுவருக்கு மேல் தலையை நீட்டி, "யாராச்சும் விழுந்துட்டாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றோம். அடுத்த டங்குக்கும் வந்து கேட்டார். அதற்கடுத்த டங்குக்கு வரவில்லை, ஜன்னலை மட்டும் சாத்திக்கொண்டார்.

மச்சானுக்கு உடனே வழி தோன்றிவிட்டது. பைப்புக்குள் மணலை நிரப்பினால் சத்தம் அமுங்கிவிடும். உள் விட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டார், 5 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே, எட்டு கிலோ மணல். இந்தக் கணக்கு சரியாக இருந்தது. இரண்டு வாயையும் அடைக்க மரத்தில் வட்டமாகக் கட்டை செதுக்கி, உள்ளங்கையால் தடவித் தடவி வழவழப்பாக்கி எடுத்து வந்தார்.

மகள் ஒரு கட்டையை வாங்கிப் பார்த்தாள். "சூப்பரா இருக்கு மாமா. ஆனா முன்பக்கம் 13 மில்லியில அஞ்சு ஓட்டை இருக்கே, மணல் அது வழியா ராம்ப்ல கொட்டாதா?"

மச்சான் இப்போது 13 மில்லியில் ஐந்து ரப்பர் மூடி தேடிக்கொண்டிருக்கிறார். வெர்னியரோடு போயிருக்கிறார்.