"போதும்மா, நம்ம வீட்டுக்குப் போகலாம்"

புது நாட்டுக்குக் குடிபெயர்ந்து வந்து இறங்கிய நான்காவது நாள் ராத்திரி, நாலு வயது மகள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசற்கதவருகே போய் நின்றாள். "போதும்மா, நம்ம வீட்டுக்குப் போகலாம்." அவளைப் பொறுத்தவரை நாங்கள் விருந்தாளிகள். "இதுதான் இனிமே நம்ம வீடு" என்று நான் அவசரப்பட்டுச் சொன்னதுதான் தப்பு. அழுதழுதே தூங்கிப்போனாள்.

பெட்டி கட்டும் மும்முரத்தில் பிள்ளைகளைச் சொந்தக்காரர் வீட்டில் விட்டிருந்தோம். பழைய வீட்டிடம் விடைபெறவே அவர்களுக்கு வாய்க்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் மனசு கேட்பதில்லை. மறுநாள் கைபேசியில் இருந்த படங்களை எடுத்து, ஒவ்வொரு அறைக்கும் டாட்டா காட்டினோம். மழைச்சாரல் அடிக்கும் படுக்கையறை ஜன்னலிடம் மட்டும் அவள் வெகுநேரம் பேசினாள்.

தூக்கம் பெரும்பாடு. மேற்கே வந்திருந்ததால் விடிகாலை மூன்று மணிக்கே பிள்ளைகள் இரண்டும் எழுந்து உட்கார்ந்துவிடும். பழைய ஊர் நேரத்திலேயே ஓடும் உடம்புக் கடிகாரம், புது ஊர் நேரத்தை நோக்கி ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும். சாயங்கால வெளிச்சத்தில் வெளியே விளையாடவிட்டோம், எழுந்தாலும் விளக்கைப் போடவில்லை. ஒரு வாரத்தில் சரியானது.

இரண்டு வயது மகனுக்கு அவன் போர்வை போதும். பயணத்தில் அழுக்கேறிய அதைத் துவைக்கப்போனேன், நல்லவேளை, கணவர் தடுத்தார். அதில்தான் பழைய வீட்டு வாசனை இருந்தது. மகளோ, விட்டுப்போன பழக்கம் திரும்பி, மறுபடி படுக்கையை நனைத்தாள். இடம் மாறிய பிள்ளைகளிடம் இது சகஜம். திட்டாமல் விரிப்பை மட்டும் மாற்றினோம், சில வாரங்களில் நின்றது.

பள்ளியில் மகள் மூன்று மாதம் வாயே திறக்கவில்லை. வீட்டிலும் புது மொழியிலேயே பேசுங்கள் என்றார்கள் சிலர். நாங்கள் தமிழை விடவில்லை. புது மொழிக்குள் நுழையும் பிள்ளைகள் இப்படிச் சில மாதங்கள் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பதுண்டு, தாய்மொழி அதற்குத் தடையில்லை. அப்புறம் ஒருநாள் பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்து, பள்ளி டீச்சர் மாதிரியே புது மொழியில் முழு வாக்கியங்களாக அதட்டிக்கொண்டிருந்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டு அழுதேன்.

போன வாரம் திடீரென்று கேட்டாள்: "அந்த வீட்ல என் ரூம்ல இப்போ யாரும்மா தூங்குறாங்க?"

"வேற ஒரு பாப்பா."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "ஜன்னலைச் சாத்திட்டுத் தூங்கச் சொல்லும்மா. மழை உள்ள வரும்."