மான்ட்கோமெரியின் நீதிபதி ஜான்சன்

அமெரிக்காவில் பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸின் பெயர் நம்மில் பலருக்குத் தெரியும், நீதிபதி ஃபிராங்க் ஜான்சனைத் தெரிந்தவர்கள் குறைவு, அதனால்தான் எழுதுகிறேன். அமெரிக்காவின் தென் மாநிலமான அலபாமாவிலேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரர். 1955-இல் அந்த மாநிலத் தலைநகர் மான்ட்கோமெரியில் ஃபெடரல் (மத்திய அரசு) விசாரணை நீதிபதியாகப் பதவியேற்றபோது வயது 37. அடுத்த வருடமே, அந்த ஊர் பஸ்களில் கறுப்பர்களைத் தனியாக உட்கார வைப்பதை எதிர்த்து வழக்கு வந்துவிட்டது (அதைப் போட்டது ரோசா பார்க்ஸ் அல்ல, ஆரேலியா பிரௌடரும் இன்னும் மூன்று பெண்களும், அவர்களையும் யாரும் பேசுவதில்லை). மூன்று பேர் கொண்ட அமர்வில் இவரும் ரிச்சர்ட் ரைவ்ஸும் சேர்ந்து, பஸ்ஸில் நிறம் பார்த்து உட்கார வைப்பது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று தீர்ப்பு எழுதினார்கள்.

ஊர் சும்மா விடுமா? இவர் வீட்டு முன்னால் சிலுவையை எரித்தார்கள் (வெள்ளை இனவெறியர்கள் மிரட்டும் வழி அது). 1967-இல் இவருடைய அம்மா வீட்டில் குண்டு வெடித்தது, நல்லவேளை அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. 1965-இல் கறுப்பர்களின் ஓட்டுரிமைக்காக செல்மா என்ற ஊரிலிருந்து மான்ட்கோமெரி வரை ஊர்வலம் போக அனுமதி கொடுத்ததும் இவர்தான், அதைத் தடுக்கப் பார்த்த கவர்னர் ஜார்ஜ் வாலஸ் சட்டக் கல்லூரியில் இவரோடு படித்தவர். அப்புறம் 1979-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார், 1999-இல் காலமானார். மான்ட்கோமெரி நீதிமன்றத்துக்கு இன்று இவர் பெயர்தான், பக்கத்திலேயே 1961-இல் சுதந்திரப் பயணிகளை (பஸ் பயணத்தில் நிறப் பிரிவினையை எதிர்த்துக் கிளம்பியவர்கள்) ஒரு கும்பல் அடித்து நொறுக்கிய அந்தப் பழைய பஸ் நிலையம்.