யானைக்கால் நோயும் நெட் தேர்வும்: நோயெதிர்ப்பியல் ஆராய்ச்சிக்கு வர விரும்புவோர்க்கு

கும்பகோணத்திற்குத் தெற்கே அரசலாற்றுக் கரையில் உள்ள சிற்றூர் ஒன்றில் பிறந்தவன் நான். என் அப்பாயிக்கு இடக்கால் முழங்காலுக்குக் கீழே தடித்து வீங்கியிருந்தது. ஆண்டில் மூன்று நான்கு முறை நெறி கட்டும். குளிரும் காய்ச்சலும் வரும். கால் சிவந்து, தொட முடியாதபடி சுடும். நான்கைந்து நாளில் எல்லாம் அடங்கிவிடும், ஆனால் ஒவ்வொரு முறையும் வீக்கம் முன்பைவிடச் சற்றுக் கூடியிருக்கும். சிவப்பு, வீக்கம், வெப்பம், வலி என்று ரோமானியரான செல்சஸ் முதல் நூற்றாண்டிலேயே எழுதி வைத்த அழற்சியின் நான்கு அடையாளங்களையும், பாடநூலில் படிப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே எங்கள் வீட்டுத் திண்ணையில் பார்த்திருந்தேன்.

அந்தக் காலத்தில் சுகாதாரப் பணியாளர்கள் இரவு ஒன்பது மணிக்கு மேல் தெருத்தெருவாக வந்து, விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் தகட்டில் இரத்தம் எடுத்துச் செல்வார்கள். யானைக்கால் புழுவின் நுண்ணிய குஞ்சுகள் பகலில் நுரையீரலின் இரத்தக் குழாய்களில் தங்கிவிட்டு, கியூலெக்ஸ் கொசு கடிக்க வரும் இரவு நேரத்தில்தான் தோலுக்கு அருகிலுள்ள இரத்தத்தில் மிகுதியாக உலவும் என்பதே அதற்குக் காரணம். ஒருமுறை அப்படி எடுத்ததில், அப்பாயியின் இரத்தத்தில் ஒன்றுமில்லை என்று வந்தது. காலில் எந்தக் குறையும் இல்லாமல் வயலில் உழுதுகொண்டிருந்த பக்கத்து வீட்டுச் சித்தப்பாவின் இரத்தத்தில் புழுக்குஞ்சுகள் இருப்பதாக வந்தது. நோய் உள்ளவருக்குப் புழு இல்லை, புழு உள்ளவருக்கு நோய் இல்லை என்றால் நோய் என்பது எதனால் வருகிறது என்ற கேள்வி அன்று என்னைப் பற்றிக்கொண்டது. என்னை நோயெதிர்ப்பியலுக்குக் கொண்டுவந்தது மதிப்பெண்ணோ ஆசிரியரின் பரிந்துரையோ அன்று, இந்தக் கேள்விதான்.

விடையை முதுகலை படிக்கும்போதுதான் ஓரளவு அறிந்தேன். சித்தப்பாவைப் போன்றவர்களின் உடலில் புழுவுக்கு எதிரான டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் அடங்கிக் கிடக்கின்றன, செல்களுக்கிடையே செய்தி கடத்தும் புரதங்களில் அடக்கும் தன்மையுள்ள இன்டர்லூக்கின்-10 கூடுகிறது, ஐ.ஜி.ஜி.4 என்ற எதிர்ப்பொருள் மிகுகிறது. புழு தன்னைக் காத்துக்கொள்ள உண்டாக்கும் இந்த அமைதி, அந்த மனிதரின் திசுக்களையும் சேதத்திலிருந்து காக்கிறது. அப்பாயியைப் போன்றவர்களிடம் எதிர்வினை வலுவாக எழுகிறது. ஏற்கெனவே பழுதான நிணநீர்க் குழாய்களால் நீரை வெளியேற்ற முடிவதில்லை. கால்விரல் இடுக்கின் வெடிப்பு வழியே நுழையும் பாக்டீரியா அடுத்த காய்ச்சலைக் கொண்டுவருகிறது. நாற்றங்கால் சேற்றில் நாள் முழுதும் நிற்பவர்களுக்கு இது எவ்வளவு எளிதில் நேரும் என்பதை இப்பகுதியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சோப்புப் போட்டுக் காலைக் கழுவி, விரல் இடுக்கை ஈரமின்றித் துடைத்து வைப்பதே அந்தக் காய்ச்சல்களைக் குறைக்கும் முதன்மையான வழி என்பதை அப்பாயி உயிரோடிருந்தபோது நான் அறிந்திருக்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

அழற்சி எப்படித் தொடங்குகிறது என்பதைப் போலவே, எப்படி அடக்கப்படுகிறது என்பதும் இத்துறையின் மையக் கேள்வி. 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது, உடல் தன்னையே தாக்காமல் தடுத்து வைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களைப் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காகவே.

இனி தேர்வுக்கு வருகிறேன். அறிவியல் பாடங்களில் ஆய்வு உதவித்தொகைக்கான தேசியத் தகுதித் தேர்வே சி.எஸ்.ஐ.ஆர். நெட். அதன் உயிர் அறிவியல் தாளுக்கு மூன்று மணி நேரம், 200 மதிப்பெண். முதல் பகுதியில் 20 வினாக்களில் 15, இரண்டாம் பகுதியில் 50இல் 35, மூன்றாம் பகுதியில் 75இல் 25 எழுத வேண்டும். முதலிரண்டுக்கும் வினாவுக்கு 2 மதிப்பெண், மூன்றாவதற்கு 4 மதிப்பெண், தவறான விடைக்குக் கால் பங்கு கழியும். ஆக, மொத்த மதிப்பெண்ணில் சரிபாதி அந்த 25 வினாக்களில் இருக்கிறது. பாடத்திட்டத்தின் 13 அலகுகளில் நோயெதிர்ப்பியல் தனி அலகாக இல்லை. செல்களின் தொடர்பாடலைப் பற்றிய நான்காம் அலகில் ஒரு பகுதியாக அடங்கியிருக்கிறது. இதைக் கண்டு சிலர் அதை மேலோட்டமாகப் படித்துக் கடந்துவிடுகிறார்கள். அது தவறு என்பது என் கருத்து, ஏனெனில் பதின்மூன்றாம் அலகில் வரும் ஆய்வுமுறைகளான எலிசா (எதிர்ப்பொருளைக் கொண்டு அளக்கும் சோதனை), ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்களை ஒவ்வொன்றாக வகைபிரித்து எண்ணும் முறை), எதிர்ப்பொருள் தயாரிப்பு எல்லாம் நோயெதிர்ப்பியலை அறிந்தவருக்கே எளிதாகின்றன.

முதல் முறை நான் தேறவில்லை. இன்டர்லூக்கின்களை எண் வரிசைப்படி அட்டவணையாக எழுதி, சுவரில் ஒட்டி, மனப்பாடம் செய்திருந்தேன். மூன்றாம் பகுதியில் வந்த வினாக்களோ ஓர் எலியில் ஒரு மரபணுவை நீக்கிவிட்டால் என்ன ஆகும், இரண்டு எலிகளின் எலும்பு மஜ்ஜையை மாற்றி வைத்தால் எந்த எலி பிழைக்கும் என்ற வகையில் இருந்தன. அட்டவணை அங்கே எனக்கு உதவவில்லை. அதோடு, 25 என்ற எண்ணிக்கையை நிரப்பிவிட வேண்டும் என்ற பதற்றத்தில், உறுதியில்லாதவற்றையும் குறித்து, சரியாக எழுதியவற்றின் பலனையும் இழந்தேன்.

இரண்டாம் முறை படிப்பை மாற்றினேன். ஒவ்வொரு செல்லுக்கும் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் மூன்று கேள்விகளை மட்டும் எழுதினேன்: இதை அனுப்புவது யார், இதைக் கேட்பது யார், இது இல்லாவிட்டால் எந்த நோய் வரும்? மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. ஃபாக்ஸ்-பி3 மரபணு பழுதானால் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் செயலிழந்து, பச்சிளங் குழந்தையின் உடலே தன் குடலையும் சுரப்பிகளையும் தாக்குகிறது என்று படித்தவருக்கு, அந்தச் செல்லின் வேலையைத் தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒரு மூல ஆய்வுக் கட்டுரையை எடுத்து, முன்னுரையையும் முடிவுரையையும் மறைத்துவிட்டு, படங்களை மட்டும் பார்த்து, இவர்கள் என்ன கேட்டிருப்பார்கள், எதை எதோடு ஒப்பிட்டிருக்கிறார்கள் என்று நானே எழுதிப் பார்ப்பேன். ஒரு கட்டுரைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போய்விடும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் என்னைத் தேர்வில் கரையேற்றின.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆங்கிலப் பத்தி ஒன்றைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, அதையே தமிழில் நான்கு வரியாக எழுதுவேன். எழுத வராத இடத்தில் எனக்கு இடறியது பெரும்பாலும் மொழியாக இருக்கவில்லை; கருத்தே விளங்காமல் இருந்தது. பின்னர் முனைவர் பட்டச் சேர்க்கைக்கான நேர்முகத் தேர்வில் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்பது உண்மையே. ஆயினும் தமிழில் தெளிந்ததை ஆங்கிலத்தில் சொல்லப் பழகுவதற்குச் சில மாதங்கள் போதும்.

ஜூன் மாதத் தேர்வு மேட்டூர் திறந்து குறுவை வேலை தொடங்கும் காலத்திலும், டிசம்பர் தேர்வு சம்பா வயலில் மழைநீர் நிற்கும் காலத்திலும் வருவது இப்பகுதி மாணவர்களுக்கு உள்ள தனிச் சிரமம். வீட்டு வேலையை விட்டுவிட முடியாதவர்கள், தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதங்களைத் திருப்பிப் பார்ப்பதற்கு மட்டும் ஒதுக்கி, புதிய பாடங்களை அதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

முனைவர் பட்டத்துக்கான நேர்முகத் தேர்வில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரே ஒரு பெரிய கேள்வியைப் பகிர்ந்துகொள்கிறேன். சித்தப்பாவின் கதையைச் சொன்னதும், குழுவில் மூத்தவர் ஒருவர் கேட்டார்: "புழு வந்ததால் எதிர்ப்பாற்றல் அடங்கியதா, இயல்பாகவே அடங்கிய எதிர்ப்பாற்றல் உள்ளவரிடம் புழு தங்கியதா? எப்படிப் பிரித்தறிவீர்கள்?" உடனே விடை வரவில்லை. சற்று நேரம் எடுத்துக்கொண்டு, அதே மனிதருக்கு மருந்து கொடுத்துப் புழுவை நீக்கி, முன்னும் பின்னும் அவருடைய டி செல்களின் எதிர்வினையை அளந்து பார்க்கலாம் என்றேன். அப்படி அளந்தால் எதிர்வினை ஒருபோதும் மாறாவிட்டால் என்ன முடிவுக்கு வருவீர்கள் என்று அடுத்த கேள்வி வந்தது. அரை மணி நேரம் இதே கேள்வியைச் சுற்றியே பேசினோம். மற்றப் பாடங்களிலிருந்து எதுவும் கேட்கவில்லை. தனக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றைக் கையில் வைத்திருப்பவரோடு குழு அந்தத் திசையிலேயே பேசும் என்பது என் அனுபவம்.

இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதத்துக்கு 37,000 ரூபாய், மூத்த நிலையில் 42,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி. தொகை சில மாதங்கள் சேர்ந்தாற்போல் வராமல் இருப்பதும் உண்டு. எனவே வீட்டுக்கு அனுப்புவதாக வாக்களிக்கும் முன் கையில் சிறிது வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஆறு ஆண்டுகள் ஆகும் வேலை இது. இரவு பதினோரு மணிக்கு ஊரில் எடுத்த இரத்தத்தைக் குளிர விடாமல் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து, இரத்த அணுக்களை அடர்த்தியால் பிரிக்கும் ஃபைக்கால் கரைசலின் மேல் மெதுவாக ஊற்றிச் சுழற்றி, நடுவில் மெல்லிய வெண்படலமாகத் தங்கும் வெள்ளையணுக்களை மட்டும் உறிஞ்சி எடுக்கும்போது கிழக்கு வெளுத்துவிடும். அந்தப் படலம் கலங்கினால் ஒருவர் மனமுவந்து தந்த இரத்தம் வீணாகிவிடும். என் கையில் அது முதல் மாதத்தில் இருமுறை கலங்கியது. அதன் பிறகு காலாவதியான இரத்தப் பைகளைக் கேட்டு வாங்கிப் பழகினேன்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய கட்டுரைகளின் எண்ணிக்கையை நான் பார்க்கச் சொல்ல மாட்டேன். அவரிடம் முடித்துச் சென்றவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், எத்தனை ஆண்டுகளில் முடித்தார்கள், எதிர்பாராத முடிவைக் கொண்டுபோய்க் காட்டினால் அவர் என்ன சொல்வார் என்று இப்போது அங்கே படிப்பவர்களிடம் தனியே கேளுங்கள். புதுச்சேரியில் நோய்க்கடத்திகளைப் பற்றிய ஆராய்ச்சி மையமும், சென்னையில் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் நமக்கு எட்டும் தூரத்தில் உள்ளன. இரண்டும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் இயங்குபவை. முதுகலை இறுதித் திட்டப்பணிக்கு அங்கெல்லாம் எழுதிக் கேட்கலாம். கடிதத்தில் நெட் மதிப்பெண்ணை எழுதுவதற்கு முன், அவர்களுடைய ஒரு கட்டுரையின் எந்தப் படம் உங்களை யோசிக்க வைத்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். நான் எழுதிய பதினொரு கடிதங்களில் பதில் வந்தது இரண்டுக்கு. அந்த இரண்டு கடிதங்களிலும்தான் அப்படி எழுதியிருந்தேன்.